சேது யாத்திரையும் பெட்ரோல் கணக்கும்

சென்னையிலிருந்து இராமேசுவரம் ஏறத்தாழ 560 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காருக்குப் போகவர 75 லிட்டர் பெட்ரோல் வேண்டும். ஓய்வூதியத்தில் காலம் கழிக்கும் தம்பதியருக்கு இது சிறு செலவன்று. அதே கார் 18 கிலோமீட்டர் ஓடினால் 12 லிட்டர் மிச்சமாகும். தீர்த்தமாடும் கட்டணமும், அன்னதானத்திற்குச் செலுத்த ஒரு தொகையும் அதிலேயே கிடைத்துவிடும்.

பெட்ரோலை விரயமாக்குவது பெரும்பாலும் அவசரமே. உச்சிக்காலம் முடிந்து நடை சாத்திவிடுவார்களே என்ற பதைப்பில் வண்டி நூறைத் தாண்டிப் பறக்கிறது. வேகம் இரட்டிப்பானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். எண்பதில் சீராகச் செல்வதே சிக்கனம். முதியோரின் முதுகுக்கும் அதுவே இதம். அன்றே தரிசித்துவிட வேண்டுமென்ற எண்ணத்தை விட்டு, இரவு இராமேசுவரத்தில் தங்கினால், விடியற்காலையில் ஸ்படிகலிங்க தரிசனமும் கிட்டும்.

முன்னோர் வகுத்த யாத்திரை வரிசையும் இதற்குத் துணை நிற்கிறது. உப்பூரில் வெயிலுகந்த விநாயகரை வணங்கி, தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தைத் தரிசித்து, திருப்புல்லாணி சென்று, பிறகே இராமேசுவரம் என்பது மரபு. தொண்டி வழியாகக் கடற்கரைச் சாலையில் வருவோருக்கு முதல் இரு தலங்களும் போகும் வழியிலேயே அமைகின்றன. திருப்புல்லாணிக்கு மட்டும் இராமநாதபுரத்திலிருந்து தெற்கே சிறிது விலகிச் சென்று திரும்ப வேண்டும். முதலில் இராமேசுவரம் சென்றுவிட்டு, விட்டுப்போன தலங்களுக்காக அங்கிருந்து மீண்டும் மீண்டும் பாம்பன் பாலத்தைக் கடப்போர்தாம் வீணாக அலைகின்றனர்.

புறப்படும் நாள் காலையில், டயர் சூடேறுமுன் காற்றழுத்தம் பார்ப்பது அவசியம். மேற்கூரையில் மூட்டை கட்டுவது காற்றைத் தடுத்துப் பெட்ரோலைக் குடிக்கும். சிக்கனம் கருதிக் குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டுச் சன்னல்களைத் திறந்து வைப்போர் உண்டு. நெடுஞ்சாலை வேகத்தில் திறந்த சன்னலும் காற்றின் எதிர்ப்பைக் கூட்டவே செய்கிறது. இராமநாதபுரத்து வெயிலில் வயோதிகர் வாடுவதுதான் கண்ட பலன். அந்த மிச்சம் வேண்டாம்.

திரும்பும்போது கேன் கேனாகத் தீர்த்தம் ஏற்றும் வழக்கமும் உண்டு. இருபது லிட்டர் நீர் இருபது கிலோ கனம். இரண்டு கேன் ஏற்றினால், சீட்டில்லாமல் ஒரு பிள்ளை உடன் வருவது போலத்தான். வீட்டுப் பூஜைக்கு ஒரு சிறு செம்பு போதும்; காசியிலிருந்து கங்கை நீர் கொணர்வோரும் அவ்வளவுதானே கொண்டு வருகிறார்கள்.