பொதிகையின் மேற்குப் புறம்

பொதிகை என்னும் பெயரைக் கேளாத தமிழர் இரார். தென்றல் பிறக்கும் மலை என்றும், அகத்திய முனிவர் உறையும் மலை என்றும் பாட்டியர் சொன்ன கதைகளிலேயே அதனைக் கேட்டு வளர்ந்தோம். சங்கப் புலவர் அதனைப் பொதியில் என்றனர். ஆயினும் அம்மலையின் உச்சி திருவனந்தபுரம் மாவட்டத்துள் உள்ளது என்பதையும், நம் நகரிலிருந்து அறுபது கிலோமீட்டர் அளவு ஊர்தியில் சென்று, அப்பால் இரண்டு நாள் நடந்தால் அதனை அடையலாம் என்பதையும் இங்குப் பல்லாண்டாக வாழும் தமிழ்க் குடும்பத்தார் பலர் அறியார். நாமும் அண்மைக் காலம் வரை அறியாதிருந்தோம்.

நமக்கு அதனை அறிவித்தவர் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர். விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர்; ஐம்பத்தெட்டு வயதினர். கடைத்தெருவில் எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றே அழைப்பர். நாமும் அவ்வாறே அழைப்போம். இளமையில் அவருடைய வீட்டு வாயிலில் நின்றால் மேற்கே பொதிகை தெரியுமாம். "அந்த மலைக்கு அந்தப் பக்கம் மலையாளம்" என்று அவர் தந்தையார் கை நீட்டிக் காட்டுவாராம். "தம்பி, நாற்பது ஆண்டாக நான் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறேன். மேலே ஏறி நின்று இரண்டு பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்" என்று ஒரு நாள் கூறினார். தனியே அனுப்ப மனம் இடந்தரவில்லை. உடன் வருவதாக ஒப்புக்கொண்டோம்.

முன்னாளில் பாபநாசம், காரையாறு வழியாகக் கிழக்கிலிருந்தும் அடியார்கள் ஏறியதுண்டு. இன்று பொதுமக்கள் முறைப்படி அனுமதி பெற்று ஏறும் வழி கேரளத்து வழியே. தைத் திங்களில் தொடங்கிச் சில வாரங்கள் மட்டும் கேரள வனத்துறையார் வழியைத் திறக்கின்றனர். நாளொன்றுக்கு இத்தனை பேர் என்னும் வரையறை உண்டு. முன்பதிவு செய்தல் வேண்டும்; மருத்துவரிடம் உடல்தகுதிச் சான்றும் பெறுதல் வேண்டும். பிளாஸ்டிக் பொருள்களும், புகையிலையும், மதுவும் கூடா. வழிபாட்டுக்குரிய பொருள்களையும் கொண்டு செல்லலாகாது. அண்ணாச்சி சான்று பெறச் சென்றபோது, தம் இடது முழங்காலைப் பற்றி மருத்துவரிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இது பின்னர்த்தான் நமக்குத் தெரிய வந்தது.

நெடுமங்காடு, விதுரா வழியாகப் போணக்காடு சென்று சேர்ந்தோம். அது பழைய தேயிலைத் தோட்டம். தோட்டத் தொழில் நலிந்து, தொழிற்சாலையின் எந்திரங்கள் துருவேறிக் கிடக்கின்றன. தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. ஒரு லயத்தின் திண்ணையிலிருந்த மூதாட்டி, நாம் இருவரும் பேசிக்கொண்டதைக் கேட்டு, "எந்த ஊரு ஐயா?" என்று தமிழில் வினவினார். அண்ணாச்சி ஊர்ப்பெயரைச் சொன்னதும், "எங்க தாத்தாவும் அந்தச் சீமைதான். நான் பார்த்ததில்லை" என்றார். கொழுந்து பறிக்க வந்த குடும்பம். மூன்று தலைமுறை ஆகிவிட்டது. நாம் மேலே ஏறிப் பார்க்கப் போகிறோம் என்று அறிந்ததும், "நல்லாப் பார்த்துட்டு வாங்க" என்று விடைகொடுத்தார்.

வனத்துறைச் சாவடியில் பைகளைச் சோதித்தனர். அண்ணாச்சியின் பையில் ஒரு சிறு செப்புச் சொம்பு, துணியால் வாய் கட்டப்பட்டு இருந்தது. "குடிநீர்" என்றார் அவர். சோதித்தவரும் விட்டுவிட்டார். அது பாபநாசத்துத் தாமிரவருணி நீர் என்பதை நடக்கத் தொடங்கிய பின்னரே நம்மிடம் சொன்னார்.

எமக்கு வழிகாட்டியாக வந்த இளைஞர் காணி இனத்தவர். காணிகள் இம்மலையின் இரு புறத்தும் வாழும் பழங்குடியினர். அவர் பேசியது தமிழும் மலையாளமும் கலந்து, இரண்டிற்கும் பொதுவாக நின்றது. எம் கூட்டத்தில் பத்துப் பேர். நாகர்கோவிலிலிருந்து வந்த சகோதரிகள் இருவரும் அவருள் அடங்குவர். முன்பு மகளிர்க்கு இம்மலையின் உச்சிக்கு அனுமதி இல்லை. 2018 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் அத்தடை செல்லாது எனத் தீர்ப்பளித்தது. காணிகளுள் ஒரு சாரார் வருந்தி எதிர்ப்புத் தெரிவித்தபோதிலும், 2019 ஜனவரி முதல் மகளிரும் ஏறி வருகின்றனர். அச்சகோதரிகள் எம்மினும் விரைவாக நடந்தனர் என்பதை மறைக்க வேண்டுவதில்லை.

மலையேற்றம் என்றவுடன் கொடைக்கானலின் பைன் தோப்புகளை நினைப்பது நம்மவர் வழக்கம். அவை மனிதர் கொணர்ந்து நட்டவை. பொதிகையில் அத்தகைய நேரிய மரவரிசையும், அடியில் மெத்தென்ற சருகும் கிடையா. தென்னிந்தியக் காடுகளில் தானே வளரும் பைனுக்கு உறவான கூம்புமர இனம் ஒன்றே ஒன்று. அது இம்மலைத்தொடரில் உண்டு. ஆனால் அதன் இலை ஊசி போன்றதன்று, அகன்றது. ஆதலின் காட்டிக் கொடுத்தாலன்றி அதனை அறிதல் அரிது. மற்றபடி எங்கு நோக்கினும் புதர், கொடி, ஈற்றை மூங்கில், வேர் பின்னிய பாதை.

கரமனையாறு என்னும் இடத்தில் ஓடையைக் கடந்தோம். நம் நகரில் கரமனையில் பாலத்தின் கீழ் அசைவின்றிக் கிடக்கும் ஆற்றின் இளமை இது. இங்கே பாறைகளினிடையே துள்ளி ஓடுகிறது. இதன் நீரே கீழே பேப்பாறை அணையிலும் அருவிக்கரையிலும் தேங்கி, நம் வீட்டுக் குழாய்களில் வருவது. அப்பால் வாழைப்பைந்தியாறு, அட்டையாறு எனச் சிற்றோடைகள். அட்டையாறு தன் பெயருக்கு ஏற்ப நம் கால்களில் இரண்டு அட்டைகளை ஒட்டியனுப்பியது.

அதன்பின் நிழலற்ற புல்வெளி. ஆளுயரத்திற்கும் மேற்பட்ட போதைப்புல். வழியில் யானையின் இலத்தி ஈரம் உலராமல் கிடந்தது. பேச்சொழிந்து நடந்தோம். புல்வெளி முடிந்ததும் முட்டிடிச்சான் தேரி என்னும் ஏற்றம். ஏறுவோரின் முழங்கால் மார்பில் முட்டும் என்பதால் இப்பெயர். இங்கேதான் அண்ணாச்சி ஒரு வேரில் கால் சறுக்கி விழுந்தார். எழுந்து, "ஒன்றுமில்லை" என்றார். நாமும், "சாலைத் தெருவில் மிதிவண்டிக்கு ஒதுங்கும் வேகம் இங்கே இல்லையே" என்று நகையாடினோம். அந்நகைச்சுவை இன்றும் நம் நெஞ்சில் உறுத்துகிறது.

வழிகாட்டி அவருக்குத் தோள் கொடுத்தபோது, ஆரோக்கியப்பச்சை என்னும் செடியைப் பற்றிப் பேச்செழுந்தது. 1987-ஆம் ஆண்டில் ஆய்வாளர் குழு ஒன்று இம்மலைகளில் அலைந்தபோது, உடன் சென்ற காணிகள் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டு சோர்வின்றி நடந்தனராம். அதனை ஆராய்ந்து பாலோட்டிலுள்ள தாவரவியல் ஆய்வு நிலையத்தார் 'ஜீவனி' என்னும் மருந்தைச் செய்தனர். உரிமத் தொகையில் பாதி காணிகளின் அறக்கட்டளைக்குச் செல்லுமாறு வகை செய்தனர். பழங்குடியினரின் அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்மாதிரி என உலக அரங்குகளில் இது பேசப்பட்டது. "அந்தக் காயில் ஒன்று கிடைக்குமா?" என்றார் அண்ணாச்சி. "காட்டில் எதையும் பறிக்கக் கூடாது சார்" என்று இளைஞர் புன்னகைத்தார்.

மாலையில் அதிருமலை முகாமை அடைந்தோம். யானை அண்டாதபடி சுற்றிலும் அகழி வெட்டிய கொட்டகை அது. சுடுகஞ்சியும் பயறும் கிடைத்தன. அந்தப் பசிக்கு அது விருந்தே. இரவில் குளிர்காற்று தகரத்தை அறைந்துகொண்டே இருந்தது. உறக்கம் வாராமையால், முன்னொரு காலத்தில் இம்மலைமேல் இரவும் பகலும் விழித்திருந்தோரைப் பற்றி அண்ணாச்சிக்குக் கூறினோம். சுவாதித் திருநாள் மகாராஜா 1837-இல் திருவனந்தபுரத்தில் வானாய்வு நிலையம் நிறுவினார். பின்னர் அதன் தலைவராக வந்த ஜான் ஆலன் புரூன் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர், நிலவுலகின் காந்த ஆற்றலும் காற்றின் அழுத்தமும் உயரத்திற்கு ஏற்ப எவ்வாறு வேறுபடுகின்றன என அறிய விரும்பி, 1850-களில் அகத்தியர் மலையுச்சியிலேயே ஓர் ஆய்வுச் சாலை அமைத்தார். கருவிகளையெல்லாம் ஆட்களே இக்காட்டு வழியே சுமந்து ஏற்றியிருத்தல் வேண்டும். "அவர்கள் பெயரை யாரும் எழுதி வைத்தார்களா?" என்று அண்ணாச்சி கேட்டார். நம்மிடம் விடை இல்லை.

மறுநாள் விடியலில் புறப்பட்டோம். அண்ணாச்சியின் நடை மாறியிருந்தது. பொங்காலைப்பாறையை அடைவதற்குள் மும்முறை அமர்ந்துவிட்டார். வேட்டியை விலக்கிக் காட்டச் சொன்னோம். முழங்கால் பனங்காயைப் போல் வீங்கியிருந்தது. அப்போதுதான் மருத்துவரிடம் மறைத்த செய்தியும் வெளிவந்தது.

வழிகாட்டி நிலைமையை ஒளிவின்றிச் சொன்னார்: "இனி மேலே கயிறு பிடித்து ஏறும் பாறைகள் சார். ஏறிவிடலாம், இறங்குவதுதான் கடினம். நண்பகலுக்குள் உச்சியை விட்டு இறங்க வேண்டும். இவரை இங்கிருந்து தூக்கிச் செல்ல நேர்ந்தால் ஒரு பகல் ஆகும்."

நாமும் திரும்பிவிடுவதாகச் சொன்னோம். அண்ணாச்சி சினந்தார். "தம்பி, இரண்டு பேரும் பார்க்காமல் போனால் நான் யாரிடம் கேட்பேன்? நீ போ. பார்த்ததை அப்படியே வந்து சொல். இல்லாததைச் சேர்க்காதே" என்றார். செப்புச் சொம்பை நம் கையில் தந்தார். இளைப்பாறும் பொருட்டு அங்கே தங்கிய வேறொரு குழுவின் வழிகாட்டியிடம் அவரை ஒப்புவித்துவிட்டு, நாம் மேலே நடந்தோம். நண்பரை வழியில் விட்டு ஏறும் கால்கள் எத்துணைப் பாரமானவை என்பதை அன்று அறிந்தோம்.

உயரம் கூடக் கூட மரங்கள் குள்ளமாகி, காற்றுக்கு முதுகு காட்டி வளைந்து நின்றன. அதன்பின் வழுக்குப் பாறைகள். இரும்பு வளையத்தில் கட்டிய கயிற்றைப் பற்றி, பாறையில் முகம் ஒட்ட, அடி அடியாக ஏறினோம். உச்சி 1868 மீட்டர். அடிக்கணக்கில் ஆறாயிரத்துக்கு மேல். அங்கே அகத்தியரின் சிறு கற்சிலை ஒன்று வானையே கூரையாகக் கொண்டு நிற்கிறது.

ஆனால் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. நாற்புறமும் வெண்பனி மூட்டம்; கை நீட்டினால் விரல் மங்கியது. அரைமணி காத்தோம். வழிகாட்டி இறங்குவோம் என்று எழுந்தார். அப்போது கிழக்கே மட்டும் மூட்டம் கிழிந்தது. ஐந்தலைப் பொதிகையின் முடிகளும், அவற்றிற்குக் கீழே காரையாற்று அணையின் நீரும் வெள்ளித் தகடுபோல் தெரிந்தன. அதற்கப்பால் வெளிறிய சமவெளி. அதில் விக்கிரமசிங்கபுரம் எங்கே என்று தேடுவதற்குள் மூட்டம் மூடிவிட்டது. மேற்குப் புறம் திறக்கவே இல்லை. சொம்பைக் கையில் எடுத்தோம். நீரும் வழிபாட்டுப் பொருளில் அடங்குமோ என்று வழிகாட்டியைக் கேட்டோம். அவர் தயங்கினார். அவர் தயக்கத்தை மதித்துச் சொம்பை மீண்டும் கட்டினோம்.

அண்ணாச்சி பாறைமேல் அமர்ந்து எம்மையே நோக்கியிருந்தார். கண்டதைக் கண்டபடி சொன்னோம். ஊர் தெரிந்தது என்று சொல்லிவிட நா எழுந்தது உண்மை. அவருடைய கட்டளை நினைவுக்கு வந்து தடுத்தது. சற்று நேரம் அவர் பேசவில்லை. பின்பு, "காரையாறு தெரிந்ததல்லவா? தண்ணீர் இருந்ததா?" என்று மட்டும் கேட்டார். நிறைய இருந்தது என்றோம். "அப்படியானால் ஊரில் பிசானம் நன்றாக இருக்கும்" என்று தலையசைத்தார்.

இறங்குதல் ஏறுதலினும் பெரும்பாடாயிற்று. அதிருமலையில் இன்னோர் இரவு தங்கி, மூங்கிற்கோல் ஊன்றியும் நம் தோளைப் பற்றியும், நாகர்கோவில் சகோதரிகள் தந்த கட்டுத்துணியைச் சுற்றியும் மறுநாள் அவர் நடந்து வந்தார். கரமனையாற்றை மீண்டும் கடந்தபோது நிற்கச் சொன்னார். சொம்பின் கட்டை அவிழ்த்து, தாமிரவருணி நீரை ஓடையில் ஊற்றினார். "இந்த மலை இரண்டு பக்கமும் தண்ணீர் விடுகிறது தம்பி. இதுவும் நம் வீட்டுக் குழாயில் வரட்டும்" என்றார். பிறகு ஓடையின் நீரைச் சொம்பில் மொண்டுகொண்டார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது தாமிரவருணியில் விடுவதற்காம்.

போணக்காட்டில் அந்த மூதாட்டி திண்ணையிலேயே இருந்தார். "பார்த்தீங்களா?" என்றார். "தம்பி பார்த்தார். தண்ணீர் நிறைய இருக்கிறதாம்" என்று அண்ணாச்சி பதிலிறுத்தார்.

இம்மலைத்தொடர் 2001-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டு, 2016-இல் யுனெஸ்கோவின் பட்டியலிலும் இடம்பெற்றது. தமிழகம், கேரளம் ஆகிய இரு மாநிலங்களின் காடுகளும் அதனுள் அடங்கும். நம் இளைஞர்கள் ஒருமுறையேனும் சென்று வருதல் நன்று. செல்வோர் மருத்துவரிடம் எதையும் மறைக்க வேண்டா. உடன் வருபவர் விழுந்தால் நகையாடவும் வேண்டா. அண்ணாச்சியின் முழங்கால் இப்போது தேறி வருகிறது. கடையில் அவர் தலைக்கு மேலுள்ள மாடத்தில் அந்தச் செப்புச் சொம்பு, வாய் கட்டியபடி, ஊருக்குப் போகும் நாளை நோக்கி இருக்கிறது.