தெருத் தண்ணீரில் ஒரு தோப்பு

ஜூன் கடைசி. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டூசான் நகரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டிக் காய்கிறது. டன்பார் ஸ்பிரிங் பகுதிக்குள் நுழைந்ததும் தலைமேல் நிழல். தெருவோரம் எங்கும் மெஸ்கீட் மரங்கள், அடியில் உதிர்ந்த நெற்றுகள். ஒன்றைக் கடித்துப் பார்த்தேன், கருப்பட்டி வாசத்தோடு இனித்தது. நம்மூர்ச் சீமைக்கருவேலத்துக்கு இது நெருங்கிய உறவு. நாம் வேரோடு பிடுங்கப் போராடும் மரத்தின் உறவு, இந்தச் சோனோரன் பாலைவனத்தில் மண்ணின் மரம். நெற்றை அரைத்த மாவில் இங்கே ரொட்டி சுடுகிறார்கள்.

1994-இல் பிராட் லான்காஸ்டரும் அவருடைய சகோதரரும் இங்கே வாங்கியது 12.5 சென்ட் இடம். மரமில்லாத வெறும் மண். ஆண்டு மழை சுமார் 280 மி.மீ., சென்னைக்குப் பெய்வதில் ஐந்தில் ஒரு பங்கு. மறு ஆண்டு பிராட் ஜிம்பாப்வேயில் செபனயா பிரி மசேகோ என்ற விவசாயியைச் சந்தித்தார். பாறைச் சரிவில் ஓடிவரும் மழையைக் கல்சுவர்களால் நிதானப்படுத்தி, குழிகளில் இறக்கி, வறண்ட நிலத்தை விளையவைத்தவர் பிரி. செடிக்கு முன்னால் தண்ணீரை நடவேண்டும் என்ற அந்தப் பாடம்தான் டூசானுக்கு வந்தது.

கணக்குப் போட்டால் வியப்பாக இருக்கிறது. 12.5 சென்ட்டில் விழும் மழை மொத்தமே 1.4 லட்சம் லிட்டர்தான். ஆனால் வீட்டிலும் அதை ஒட்டிய தெருவோரத்திலுமாக ஆண்டுக்கு 3.8 லட்சம் லிட்டர் சேர்கிறது. மிச்சமெல்லாம் தெருவோரமும் தார்ச்சாலையும் தந்த வரவு!

தெருவில் ஓடும் மழைநீர் மரத்தடிப் பாத்திக்குள் இறங்க, சாலையோர சிமெண்ட் விளிம்பில் ஒரு முழ அகலத்துக்கு வாய் வெட்டியிருக்கிறார்கள். ஆரம்பத்தில் அது சட்டவிரோதம். லான்காஸ்டர் அனுமதியில்லாமலே வெட்டினார். பிறகு மாநகராட்சியே அதற்கு வழிவிட்டது.

வெட்டுவது சுலபம், மட்டம்தான் வேலை. ஒரு பெண்ணும் இளைஞர் ஒருவரும் கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி ஆளுக்கொரு முனை பிடித்து நின்றார்கள். நம் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் அதே டியூப். நடைபாதை மேடு, பாத்தி பள்ளம். மூடாக்கு போட்ட பிறகும் பாத்தி சாலையைவிடத் தாழ்ந்தே இருக்கவேண்டும். ஒரு விரற்கடை உயர்ந்தாலும் வெள்ளம் வாய்வரை வந்து திரும்பிவிடும் என்றார் அந்தப் பெண். போன மழை கொண்டுவந்த வண்டல் வாயை அடைத்திருந்தது. மண்வெட்டியால் வழித்து, மரத்தடியிலேயே போட்டார்.

இங்கே அழுக்குத் தண்ணீரும் வீணாவதில்லை. லான்காஸ்டர் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரத்தின் கழிவுநீர் மரங்களுக்குப் போகிறது. இன்றைக்கு எந்த மரத்துக்கு என்பதைத் துவைப்பவரே முடிவு செய்யலாம்.

ஜூலையில் கோடைமழை இறங்கும். நனைந்த நெற்றில் பூஞ்சை பிடிக்கும், அதற்குமுன் பறித்துவிடவேண்டும். வேலை முடிந்ததும், மட்டம் பார்த்த இருவரும் வாளியோடு மரத்தடிக்குப் போனார்கள். தரையில் கிடந்ததை விட்டுவிட்டு, கிளையைப் பிடித்து மெல்ல இழுத்தார் அந்தப் பெண். தானாகக் கையோடு வந்ததை மட்டும் வாளியில் போட்டார்.