போக்கியமா, கிரயமா?



மூன்று வாரங்களுக்கு முன் ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்தபின், நம் சபையின் மூத்த தாயார் ஒருவர் கையில் துணிப்பையோடு எனக்காகக் காத்திருந்தார். அவருடைய அனுமதியோடே இதை எழுதுகிறேன். பையில் இருந்தது, திருவாண்டார்கோயிலில் அவர் கணவர் விட்டுச்சென்ற மனையின் கிரயப் பத்திரம்.

“ஐயா, மகன் லண்டன்ல ஃபிளாட் வாங்கறான். லீஸாம். 76 வருஷம் பாக்கி இருக்காம். இந்த மனையை வித்து அனுப்பலாம்னு இருக்கேன். லீஸ் முடிஞ்சா அந்தப் பணம் பேரப்பிள்ளைங்க கைக்குத் திரும்ப வந்துடும் இல்லீங்களா?”

சிரிக்கத் தோன்றிய கணத்திலேயே என் சிரிப்பு அடங்கிவிட்டது. அவர் கேட்டதில் பிழை ஏதும் இல்லை. நம் பக்கத்தில் ‘லீஸுக்கு வீடு’ என்றால் போக்கியம் என்றுதான் பொருள். ஒரு தொகையை மொத்தமாகக் கொடுக்கிறோம். இரண்டு மூன்று ஆண்டுகள் வாடகையின்றிக் குடியிருக்கிறோம். காலி செய்யும்போது கொடுத்த பணத்தை வாங்கிக்கொள்கிறோம். புதுவையிலும் சென்னையிலும் எத்தனையோ குடும்பங்கள் இவ்விதம் வாழ்கின்றன. ஆனால் இங்கிலாந்தில் ‘லீஸ்ஹோல்டு’ என்பது வேறு. அங்கே ஃபிளாட்டை வாங்குகிறவர் பெரும்பாலும் வாங்குவது ஆண்டுகளையே. மண்ணும் கட்டடமும் ‘ஃப்ரீஹோல்டு’ உடையவருக்குச் சொந்தம். குத்தகைக் காலம் முடிந்தால் வீடு அவரிடம் திரும்பிப்போகும். கொடுத்த பணம் திரும்பாது.

அன்று மாலை அவர் வீட்டுத் திண்ணையிலிருந்தே மகனைத் தொலைபேசியில் அழைத்தோம். அவன் நல்ல பிள்ளை, எதையும் மறைக்கவில்லை. அம்மா போக்கியம் என்று எண்ணியிருப்பார் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. அவன் விளக்கியதில் எனக்கும் பல செய்திகள் புதியவை. 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஃபிளாட் உடையவர் உரிய விலை கொடுத்துக் குத்தகையை மேலும் 90 ஆண்டுகள் நீட்டிக்கலாம். நீட்டித்தபின் மண்ணுக்கான வாடகை ஒரு மிளகு மட்டுமே. ஆம், சட்டமொழியில் மிளகுதான். பெயரளவுக்கு ஒரு வாடகை. நம் மேற்குக் கரையிலிருந்து கப்பலேறிப் போன சரக்கு, அங்கே ஒன்றுமில்லாமைக்கு அடையாளமாகிவிட்டது! ஆனால் மீதமுள்ள காலம் 80 ஆண்டுகளுக்குக் கீழே இறங்கிவிட்டால், நீட்டிப்பதால் வீட்டின் மதிப்பு உயரும் தொகையில் பாதியை மண்ணுடையவருக்குச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இதற்கு ‘மேரேஜ் வேல்யூ’ என்று பெயர். இதை நீக்கவும், 990 ஆண்டுகள் நீட்டிக்கவும் 2024 மே மாதம் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன் பிரிவுகள் படிப்படியாகவே நடைமுறைக்கு வருகின்றன. மகன் பார்த்திருந்த வீடோ 76-இல் நிற்கிறது. விலை மலிவாக இருந்ததன் காரணம் அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று.

தாயார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ மண்ணு யாருது?” என்று மட்டும் கேட்டார்.

பிரியமானவர்களே, இந்தக் கேள்விக்காகவே லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தை மறுபடியும் திறந்தேன். யூபிலியைக் குறித்துப் பிரசங்கித்த நாட்களிலெல்லாம் விடுதலையையும் எக்காளத்தையும் பற்றியே பேசியிருக்கிறேன். விலைக்கணக்கைக் கவனிக்காமல் கடந்துபோனேன். அங்கே தேவன் கட்டளையிடுவதைப் பாருங்கள்: நிலத்தை விற்கும்போது, அடுத்த யூபிலி வருஷம்வரை எத்தனை ஆண்டுகள் மீதியிருக்கின்றனவோ, அதற்குத் தக்கதாக விலை வைக்க வேண்டும். ஆண்டுகள் அதிகமானால் விலை ஏறும், குறைந்தால் இறங்கும். விற்கப்படுவது நிலம் அல்ல, பலன்களின் எண்ணிக்கையே. லண்டன் தரகர் போடும் கணக்கும் இதுவே.

ஆனால் காலம் முடிந்தபின் நிலம் யாரிடம் போகிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. லண்டனில் அது மண்ணுடைய முதலாளியிடம் போகிறது. யூபிலியில் அது வறுமையால் விற்றவனிடமே திரும்புகிறது. மண் யாருடையது என்ற கேள்விக்கும் அந்த அதிகாரம் 23-ஆம் வசனத்தில் பதில் சொல்லுகிறது: தேசம் கர்த்தருடையது, நாம் அவரிடத்தில் பரதேசிகள்.

அதே அதிகாரத்தில் முழுக்கிரயமும் உண்டு. மதில்சூழ்ந்த பட்டணத்து வீட்டை விற்றவன் ஓராண்டுக்குள் மீட்காவிட்டால், அது வாங்கினவனுக்கே தலைமுறைதோறும் உரியதாகும், யூபிலியிலும் திரும்பாது. மதிலில்லாத கிராமத்து வீடோ வயலைப்போல எண்ணப்பட்டுத் திரும்பிவரும். கிராமத்தான் கூரையை இழக்கலாகாது என்று இத்தனை கவலை! நம்மைப்போன்ற கொம்யூன் கிராமத்தார் மகிழ்ந்து வாசிக்க வேண்டிய பகுதி இது.

குத்தகை வீடு பாவமன்று; இதையும் சொல்லவேண்டும். சிங்கப்பூரில் வீட்டுவசதி வாரியத்தின் ஃபிளாட்டுகள் 99 ஆண்டுக் குத்தகையில் விற்கப்படுகின்றன. அவற்றில் நம் தமிழ்க் குடும்பங்கள் பல பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியிருக்கின்றன. எனினும் அதே ஊரின் கேலாங் பகுதியில், 60 ஆண்டுக் குத்தகை முடிந்த 191 தனியார் வீடுகள் 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு இழப்பீடின்றி அரசிடம் திரும்பின. தேதி பத்திரத்தில் முதல் நாளிலிருந்தே இருந்தது. நம் ஊர்ப்பக்கம் ஃபிளாட் வாங்குவோருக்குப் பெரும்பாலும் மண்ணில் பிரிபடாத ஒரு பங்கும் கிரயமாகிறது. கட்டடம் பழுதாகி இடிந்தாலும் அந்தப் பங்கு நிற்கும். ஆகையால் முன்பணம் கொடுக்கும் முன்னே அந்தப் பங்கு எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் தேடுங்கள். (நான் குடியிருக்கும் போதகர் இல்லம் சபையுடையது, எனக்கு ஒரு சதுர அடியும் இல்லை. அறிவுரை சொல்வது எளிது!)

மகன் இப்போது, விற்பவரே குத்தகையை நீட்டித்துத் தரவேண்டும், இல்லையேல் அந்தச் செலவை விலையில் குறைக்கவேண்டும் என்று கேட்டிருக்கிறான். பதில் இன்னும் வரவில்லை. பதில் வரும்வரை மனையை விற்பதில்லை என்று தாயாரும் மகனும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

சென்ற புதன்கிழமை அவர் வீட்டு ஜெபத்தில் எரேமியா 32-ஆம் அதிகாரத்தை வாசித்தோம். முற்றுகையிடப்பட்ட நகரத்தில், காவற்சாலையின் முற்றத்தில் இருந்தபடியே, ஆனதோத்தின் நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார் தீர்க்கதரிசி. முத்திரைபோட்ட பத்திரம் ஒன்று, திறந்த பிரதி ஒன்று, இரண்டும் மண்பாண்டத்தில் வைக்கப்படுகின்றன. தாயார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “ரெண்டு காப்பியா ஐயா?”

மறுநாள் காலை விழுப்புரம் சாலையோரத்து ஜெராக்ஸ் கடையில் அவரைக் கண்டேன். துணிப்பை கையில் இருந்தது.