ஒண்ட வந்த பிடாரி

மூர்மார்க்கெட்டில் பழைய புத்தகம் தேடப் போனபோது ஒரு கட்டு அஞ்சலட்டைகளுக்கு நடுவே இது கிடைத்தது. லண்டன் லெஸ்டர் சதுக்கத்தின் படம். நடுவில் மரங்களும் ஷேக்ஸ்பியர் சிலையும். ஓரத்தில் வரிசைகட்டி நிற்கும் குதிரை வண்டிகள். கிழக்குப் பக்கம் அரபு அரண்மனை மாதிரி கோபுரங்களோடு ஒரு பெரிய கட்டடம்.

தேதி எதுவும் இல்லை. ஆனால் பின்பக்கத்தில் முகவரிக்கும் செய்திக்கும் தனித்தனி இடம் விட்டிருக்கிறது. பிரிட்டனில் அதற்கு அனுமதி வந்தது 1902-இல்தான். மோட்டார் வண்டி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஆக, 1902-க்குப் பிறகு, ஆனால் ரொம்பப் பிறகு இல்லை.

அந்தக் கட்டடம் யார் என்று தேடப் போய், இரண்டு நாள் தூக்கம் போச்சு.

அந்த இடத்துக்கே ஒரு வேடிக்கை ராசி உண்டு போலிருக்கிறது. 1793-இல் ராபர்ட் பார்க்கர் என்பவர் சதுக்கத்தை ஒட்டி ஒரு வட்டக் கட்டடம் கட்டி, பார்ப்பவரைச் சுற்றி வளைக்கிற பிரம்மாண்ட ஓவியங்களைக் காசுக்குக் காட்டினார். பனோரமா என்ற சொல் அவரோடு வந்ததுதான். 1851-இல் ஜேம்ஸ் வைல்டு சதுக்கத்தின் நடுவிலேயே ராட்சத பூகோள உருண்டை ஒன்றை எழுப்பினார். உள்ளே போய்ப் படியேறினால், உலகப் படம் உட்புறச் சுவரில் இருக்கும்!

நம் அரபுக் கட்டடம் 1854-இல் திறந்தது. அப்போது பெயர் ராயல் பனாப்டிகான். இயந்திரங்கள், மின்சார சோதனைகள், விரிவுரைகள், நடுவில் ஒரு பெரிய நீரூற்று. ஜனங்களுக்கு அறிவியலைச் சொல்லிக் கொடுக்க நினைத்தார்கள். இரண்டே வருஷத்தில் இழுத்து மூடினார்கள். 1858-இல் கைமாறி, அல்ஹம்ப்ரா என்று பெயர் மாறி, சர்க்கஸ் வந்தது. அப்புறம் மியூசிக் ஹால். அதாவது பாட்டு, பாலே நடனம், கோமாளி, குடி, எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. 1861-இல் பிரெஞ்சுக்காரர் லியோதார் இங்கே ஊஞ்சலுக்கு ஊஞ்சல் தாவினார். சர்க்கஸ்காரர்களின் உடம்போடு ஒட்டிய உடைக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். 1882-இல் கட்டடம் எரிந்தது. அடுத்த வருஷமே எழுந்து நின்றது.

இனிதான் கதை. 1896 மார்ச் 9-ஆம் தேதி, அதே சதுக்கத்தில் இருந்த எம்பயர் அரங்கில் லூமியேர் சகோதரர்களின் சலனப்படம் ஓட ஆரம்பித்தது. எதிராளி சும்மா இருப்பாரா? ராபர்ட் பால் என்ற கருவி செய்பவரை அல்ஹம்ப்ரா கூட்டிவந்தது. மார்ச் 25 முதல் அவருடைய படங்கள் அங்கே ஓடின. ஆட்டம் பாட்டத்துக்கு நடுவே படமும் ஒரு அயிட்டம், அவ்வளவுதான். ஒப்பந்தம் என்னவோ இரண்டு வாரத்துக்குத்தான். ஆனால் வருஷக்கணக்கில் தொடர்ந்தது. ஜூன் 3-இல் நடந்த டெர்பி குதிரைப் பந்தயத்தை பால் படமெடுத்து, மறுநாள் ராத்திரியே அங்கே காட்டினார். இளவரசரின் குதிரை ஜெயித்த பந்தயம். கூட்டம் எப்படிக் கத்தியிருக்கும்!

எனக்கு மறக்க முடியாத விஷயம் வேறு. அந்த ஏப்ரலில் அல்ஹம்ப்ராவின் மொட்டை மாடியிலேயே பால் ஒரு குட்டிக் கதைப்படம் எடுத்தார். ஒரு சிப்பாயின் காதல். பிரிட்டனின் முதல் கதைப்படம் என்று அதைச் சொல்கிறார்கள். ஜோடியாக நடித்தவர்கள் கீழே மேடையில் ஆடிக்கொண்டிருந்த கலைஞர்கள்.

அப்புறம் நடந்தது ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை விரட்டிய கதைதான். 1927-இல் எம்பயரை இடித்துப் பெரிய சினிமா கொட்டகை கட்டினார்கள். 1936-இல் அல்ஹம்ப்ராவும் போனது. அதே மனையில் 1937 நவம்பர் 2-ஆம் தேதி கறுப்புக் கல் பளபளக்க ஓடியன் தியேட்டர் திறந்தது. இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கைகள். கூட்டிவந்த ராபர்ட் பால்கூட 1910-லேயே படத்தொழிலை விட்டுக் கருவி செய்யவே திரும்பிவிட்டார்.

நான் படிப்பது விஸ்காம். படம் எடுக்க வேண்டும் என்று வீட்டில் சண்டை போட்டுச் சேர்ந்தவன். வகுப்பில் தினமும் ஒரே பட்டிமன்றம்: கைப்பேசி வந்தபின் தியேட்டர் பிழைக்குமா? "காலம் மாறும், அதோடு மாறிக்கோ" என்று ஒரு கட்சி. நானும் அந்தக் கட்சியில்தான் கத்திக்கொண்டிருந்தேன். 2018-இல் ஓடியனைப் புதுப்பித்தபோது இருக்கைகளைச் சுமார் எண்ணூறாகக் குறைத்தார்கள் என்று படித்தபோதும், "பார்த்தீர்களா, பிடாரிக்கும் முறை வந்துவிட்டது" என்றுதான் முதலில் தோன்றியது.

ஆனால் அந்த மொட்டை மாடி ஜோடி விடமாட்டேன் என்கிறது. வேடிக்கை பார்க்கிறவனுக்குக் கவலையில்லை. ஓவியம் போனால் உருண்டை, உருண்டை போனால் சர்க்கஸ், அது போனால் சினிமா. அதே சதுக்கத்துக்கு வந்துகொண்டே இருப்பான். ஆடியவர்களால் அப்படி முடியுமா? பத்து வருஷம் பழகிய காலை ஒரே நாளில் வேறு வேலைக்கு மாற்ற முடியாது. காலம் மாறும் என்று சொல்வது டிக்கெட் வாங்குகிறவனுக்குச் சுலபம். நானோ திரைக்கு அந்தப் பக்கம் போய் நிற்கப் போகிறவன்.

தியேட்டர் பிழைக்குமா என்று நாளைக்கும் யாராவது கேட்பார்கள். அதில் வேலை செய்கிறவர்கள் பிழைப்பார்களா என்று நான் திருப்பிக் கேட்கப் போகிறேன்.