லோரி ஓட்டத் தெரிந்தால் போதுமா?



நம் தோட்டங்களில் லோரி ஓட்டத் தெரிந்த இளைஞர்களுக்குப் பஞ்சமில்லை. பதினான்கு வயதில் டிராக்டரில் தொற்றி ஏறுகிறார்கள். பதினாறில் அதை நகர்த்திப் பார்க்கிறார்கள். பதினெட்டில், செம்பனைக் குலை நிறைந்த வண்டியை வெளிக்காட்டிலிருந்து ஆலை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார்கள். தோட்டத்து மண்சாலையில் யாரும் மறித்துக் கேட்பதில்லை. ஆனால், "தம்பி, லைசென்ஸ் எங்கே?" என்று கேட்டால் பலர் தலையைச் சொறிகிறார்கள்.

தொழில் கையில் இருக்கிறது. தாள் கையில் இல்லை. இந்த ஒரு குறையால் நம் பிள்ளைகள் இழப்பது கொஞ்சநஞ்சமல்ல. அதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன். ஆசிரியருக்கும் லோரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். என் தந்தையார் தோட்டத்து லோரி ஓட்டுநர். நான் சிறுவனாக இருந்த 1980-களில் அவர் ஓட்டியது ஒரு பழைய பெட்போர்ட் லோரி. காலையில் பால் வாளிகள், மதியம் உரமூட்டை, சில நாள் டவுன் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், எல்லாமே அதில்தான். பிற்பாடு தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது லயத்தில் இருந்த எல்லாக் குடும்பங்களும் தவித்தன. தந்தையாரிடம் கனரக வாகன உரிமம் இருந்தது. அடுத்த மாதமே டவுனில் வேலைக்குப் போனார். அவரைப்போலவே, ஏன் அவரைவிட நன்றாகவே ஓட்டத் தெரிந்த இன்னொருவரிடம் அந்தத் தாள் இல்லை. அவர் கடைசிவரை கெலிண்டானாகவே மூட்டை இறக்கினார்.

முதலில் அந்தத் தாளைப் பற்றிப் பார்ப்போம். நம் நாட்டில் காருக்கு எடுப்பது 'டி' வகுப்பு உரிமம். சுமையில்லாத எடை 3,500 கிலோவுக்கு மேற்படாத வண்டிக்குத்தான் அது செல்லும். அதற்கு மேலே உள்ளவை கனரக வாகனங்கள். 5,000 கிலோ வரை 'இ2', 7,500 கிலோ வரை 'இ1', அதையும் தாண்டினால் 'இ'. டிராக்டருக்கு வேறு எழுத்து. "நான் டிராக்டர் ஓட்டுகிறேன், லோரியும் ஓட்டலாம்" என்பது சட்டத்தின் முன் எடுபடாது. கணக்கில் எடுப்பது சுமையில்லாத எடை என்பதை மறக்கவேண்டாம். 'பெராட் தன்பா முவாத்தான்' என்று மலாயில் போட்டிருப்பது அதைத்தான்.

'இ' உரிமம் எடுத்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. சம்பளத்துக்குச் சரக்கு லோரி ஓட்ட, 'ஜி.டி.எல்.' என்னும் தொழில் உரிமமும் வேண்டும். இரண்டுக்கும் வயது 21 நிறைந்திருக்க வேண்டும். தொழில் உரிமத்துக்கு மருத்துவரிடம் உடற்பரிசோதனையும் உண்டு. கண் பார்வையையும் சோதிப்பார்கள். ஆகவே வயதுக் கணக்கை இப்போதே போட்டுப் பாருங்கள். 17 வயதில் 'டி' எடுத்தால் இரண்டு வருடம் 'பி' ஒட்டிக்கொண்டு ஓட்டி, 19-இல் முழு உரிமம் பெறலாம். 21 வரும்போது பையன் தயாராக இருப்பான். 25 வயது வரை 'டி' கூட எடுக்காமல் இருந்தால், மற்றவன் ஓட்டுநராகிப் பல வருடம் ஆன பிறகு இவன் ஆரம்பப் பாடம் படிக்க வேண்டியதுதான்.

இன்னொரு செய்தி. 2014 முதல் தானியங்கிக் கியர் காருக்கு மட்டும் 'டிஏ' என்று தனி உரிமம் இருக்கிறது. எளிது என்று அதை எடுக்கும் பிள்ளைகள் உண்டு. லோரிக்குப் போக நினைப்பவர்கள் கிளச் மிதிக்கும் காரிலேயே பழகி 'டி' எடுப்பது நல்லது.

இனி கியர்ப் பெட்டிக்கு வருகிறேன். என் பழைய மாணவர்கள் சிலர் உரிமப் பாடப் புத்தகத்தோடு மாலை வேளையில் வருவதுண்டு. அதில் ஒருவன் எட்டு வருடம் கெலிண்டானாக இருந்தவன். "சார், கியரை எப்படிப் போடுவதென்று தெரியும். ஏன் போடுகிறோம் என்றுதான் தெரியவில்லை" என்றான். நான் அவனுக்கு ஐந்தாம் ஆண்டுக் கணக்கையே எடுத்து வைத்தேன்.

ஒரு சிறு பல்சக்கரத்தில் 20 பற்கள். அதோடு பொருந்திச் சுழலும் பெரிய சக்கரத்தில் 60 பற்கள். சிறியது மூன்று சுற்று சுற்றினால் பெரியது ஒரு சுற்றுதான் சுற்றும். வேகம் மூன்றில் ஒரு பங்காகிறது. ஆனால் திருப்பும் பலம் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. இதுதான் தாழ்ந்த கியர். மலாயில் 'கியர் ரெண்டா'. சுமையோடு கிளம்பவும் மேடு ஏறவும் பலம் வேண்டும். சமதரையில் ஓட வேகம் வேண்டும். இரண்டையும் ஒரே இயந்திரத்திடம் வாங்கித் தருவதுதான் கியர்ப் பெட்டியின் வேலை.

இந்தப் பெட்டிகளில் சில வகைகள் உண்டு.

பழைய லோரிகளில் இருந்தது வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் அமைப்பு இல்லாத பெட்டி. சுழலும் இரண்டு பாகங்களும் ஒரே வேகத்துக்கு வந்தால்தான் கியர் விழும். இல்லாவிட்டால் கறகறவென்று அரைக்கும். ஓட்டுநர்தான் அந்த வேகத்தைக் காதால் கேட்டுச் சரி செய்ய வேண்டும். மேல் கியருக்குப் போக, கிளச்சை மிதித்து நடுநிலைக்கு வந்து, கிளச்சை விட்டு, மறுபடியும் மிதித்துப் போட வேண்டும். கீழ்க் கியருக்கு வரும்போது நடுநிலையில் ஒருமுறை எண்ணெயை அழுத்தி இயந்திரத்தை வேகப்படுத்திக்கொள்ள வேண்டும். இதுதான் 'டபுள் கிளச்'. தந்தையாரின் லோரி மேட்டில் ஏறும்போது எழும் சத்தத்தை வைத்தே, அவர் எந்தக் கியரில் வருகிறார் என்று லயத்தில் இருந்தபடி சொல்லிவிடுவோம். இந்த வகைப் பெட்டிகள் சில பெரிய இழுவை லோரிகளில் இன்னமும் இருக்கின்றன.

அடுத்தது 'சிங்குரோமெஷ்' பெட்டி. ஒவ்வொரு கியருக்கும் பக்கத்தில் ஒரு வளையம் உண்டு; பெரும்பாலும் பித்தளை. அது முதலில் உரசி இரண்டு வேகங்களையும் ஒன்றாக்கும். பிறகு கியர் வழுக்கிக்கொண்டு விழும். காரிலும் சிறிய லோரிகளிலும் இருப்பது இதுதான். இதில் ஒரு முறை கிளச் மிதித்தால் போதும். ஆனால் அவசரப்பட்டுக் கைப்பலத்தால் இடித்துத் தள்ளினால் அந்த வளையம் தேய்ந்துபோகும். கியர் கம்பியைக் கேட்டுப் போட வேண்டும், அடித்துப் போடக்கூடாது.

பெரிய லோரிகளில் நான்கு கியர் போதாது. ஆகவே ஒரே நான்கு இடங்களை இரண்டு முறை பயன்படுத்துகிறார்கள். கம்பியில் உள்ள சிறு விசையைத் தட்டினால் தாழ்ந்த வரிசை நான்கும் உயர்ந்த வரிசை நான்குமாக எட்டாகிறது. ஒவ்வொன்றையும் பாதியாகப் பிரிக்கும் இன்னொரு விசையும் இருந்தால் பதினாறு. 4 × 2 × 2, அவ்வளவுதான். பையன்கள் "பதினாறு கியரா!" என்று மலைத்துப் போகிறார்கள், இது வாய்ப்பாடுதான் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். ஒன்றை மட்டும் நினைவில் வைக்கவேண்டும்: இந்த வரிசையைப் பெரும்பாலும் காற்றழுத்தம்தான் மாற்றுகிறது. காற்று நிரம்பாமல் வண்டியை எடுக்கக்கூடாது. பிரேக்குக்கும் அதே காற்றுதான்.

கடைசியாகத் தானியங்கி வகைகள். ஒன்றில், உள்ளே இருப்பது பழைய பல்சக்கரங்களேதான். கிளச்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் கணினி செய்கிறது. வோல்வோ நிறுவனம் இந்த வகையில் 'ஐ-ஷிஃப்ட்' என்பதை 2001-இல் கொண்டு வந்தது. மற்றொன்றில் கிளச்சுக்குப் பதிலாக எண்ணெய் சுழன்று பலத்தைக் கடத்துகிறது. பேருந்துகளிலும் தீயணைப்பு வண்டிகளிலும் இதைப் பார்க்கலாம். இவை வந்துவிட்டதால் ஓட்டுநருக்கு அறிவு வேண்டாம் என்று எண்ணக்கூடாது. கணினிக்குத் தன் வண்டியின் வேகம் தெரியும்; அடுத்த வளைவுக்கு அப்பால் இருக்கும் இறக்கம் ஓட்டுநருக்குத்தான் தெரியும்.

தாய்மார்களே, இனி நான் சொல்லப்போவது முக்கியமாக உங்களுக்கு. "லோரி வேலை வேண்டாம் சார், போன பிள்ளை திரும்பி வருமோ வராதோ என்று இருக்க முடியாது" என்று ஒரு தாயார் என்னிடம் சொன்னார். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். 2013 ஆகஸ்ட் 21-ஆம் நாள் கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் மாண்டார்கள். 2025 ஜூன் 9-ஆம் நாள் கெரிக் மலைச்சாலையில் பேருந்து கவிழ்ந்து 15 பல்கலைக்கழக மாணவர்கள் மாண்டார்கள். இரண்டையும் ஒரே காரணத்தில் அடக்கிவிட முடியாது. ஆனால் பெரிய வண்டிக்கு மலைச்சாலை எவ்வளவு பொல்லாதது என்பதை இரண்டுமே நமக்குச் சொல்கின்றன.

ஏற்றத்தில் பயப்படுகிறவர்கள் பலர். உண்மையில் ஆபத்து இறக்கத்தில்தான். சுமை ஏறிய லோரி இறக்கத்தில் தானாக வேகமெடுக்கும். பிரேக்கை மட்டும் நம்பி அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடாகும். சூடு மிஞ்சினால் பிடிக்கும் சக்தி குறையும். கடைசியில் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. தாழ்ந்த கியரில் இறங்கினால் கணக்குத் திரும்பிவிடுகிறது. அப்போது சக்கரம் இயந்திரத்தைச் சுற்றப் பார்க்கும். இயந்திரம் அதைப் பிடித்து இழுக்கும். மேட்டில் தள்ளிவிடும் அதே கியர் பள்ளத்தில் பிடித்துக்கொள்ளும். பல லோரிகளில் புகைக்குழாயை அடைத்து இயந்திரத்தின் பிடியைக் கூட்டும் 'எக்ஸாஸ்ட் பிரேக்'கும் இருக்கிறது. அதுவும் தாழ்ந்த கியரில்தான் நன்றாக வேலை செய்யும்.

"எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு" என்பது பழைய ஓட்டுநர்களின் வாக்கு. இன்றைய லோரிகளுக்கு இயந்திர பலம் அதிகம். உயர்ந்த கியரிலேயே ஏறிவிடும். ஆகவே ஏறியதைவிடத் தாழ்ந்த கியரில் இறங்குவது நலம். அந்தக் கியரையும் இறக்கம் தொடங்குமுன் போட்டுவிட வேண்டும். பாதி வழியில் வேகம் ஏறிய பின் தேடினால் கியர் விழாமல் நடுநிலையில் மாட்டிக்கொள்ளும். எண்ணெய் மிச்சம் என்று 'ஃப்ரீ கியர்' விட்டு இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மிச்சமாவது சில காசு. பணயம் வைப்பது உயிர்.

உரிமத்தைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம் என்று ஆசை காட்டும் ஆட்களை நான் வெறுப்பதும் இதனால்தான். 'லைசென் தெர்பாங்' என்று சொல்லிக்கொண்டு தோட்டத்துப் பக்கமும் வருகிறார்கள். சோதனைக்குப் போகாத தாள் போலீசை ஏமாற்றலாம். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் போகும் சாலையை ஏமாற்ற முடியாது.

சோதனையும் ஒன்றும் பூதமல்ல. காருக்கான எழுத்துச் சோதனையில் 50 கேள்விகள். 42 சரியாக இருந்தால் தேர்ச்சி. கனரக உரிமத்துக்கு ஓட்டுநர் பயிற்சி நிலையத்தில் பதிந்து, அவர்களுடைய லோரியில் பழகி, திடலிலும் சாலையிலும் இலாகா அதிகாரி முன் ஓட்டிக் காட்ட வேண்டும். கிளம்புமுன் வண்டியைச் சுற்றிப் பார்த்துச் சோதிப்பதற்கும் மதிப்பெண் உண்டு. தோட்டத்தில் பழகிய பிள்ளைகள் ஓட்டுவதில் தோற்பது குறைவு. கண்ணாடி பார்க்காமல் திரும்புவது, ஒற்றைக் கையால் பிடிப்பது போன்ற தோட்டத்துப் பழக்கங்களால்தான் தோற்கிறார்கள். எட்டு வருடம் கெலிண்டானாக இருந்தவனும் இரண்டாம் முறையில்தான் தேறினான். இன்று சொந்தப் பெயரில் உரிமம் வைத்து ஓட்டுகிறான்.

'இ', ஜி.டி.எல். இரண்டுக்கும் சேர்த்துச் சில ஆயிரம் வெள்ளி ஆகும். தோட்டக் குடும்பத்துக்கு அது பெரிய தொகைதான். ஆனாலும் மோட்டார் சைக்கிளுக்கு முன்பணம் கட்டுகிறோம். புதுக் கைப்பேசிக்குத் தவணை கட்டுகிறோம். பையனின் 17-ஆம் வயதிலிருந்து மாதம் ஒரு சிறு தொகையை ஒதுக்கிவந்தால் 21-இல் கடன் வாங்காமல் செலுத்திவிடலாம். பெண் பிள்ளைகள் விரும்பினால் தடுக்காதீர்கள். சட்டத்தில் அவர்களுக்குத் தடையில்லை.

எடுத்தபின் ஒரு வேலை பாக்கி. புதுப்பிக்காமல் மூன்று வருடத்துக்கு மேல் விட்டுவிட்டால் உரிமம் செல்லாமல் போய், மறுபடியும் முதலிலிருந்து சோதனைக்குப் போகும்படி ஆகிவிடும். ஆகவே காலாவதியாகும் தேதியைச் சாமி மேடைக்குப் பக்கத்தில் தொங்கும் நாள்காட்டியில் பெரிதாக எழுதி வையுங்கள். வீட்டில் எல்லார் கண்ணிலும் தினமும் படும் இடம் அதுதான்.