திங்கள் காலை ஆறரை

ஏப்ரல் 24, 2019
அண்ணனிடமிருந்து வக்கீல் நோட்டீஸ். அப்பாவின் உயில் செல்லாதாம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 29
அண்ணன் மகன் இனி வரமாட்டான் என்று நினைத்திருந்தேன். ஆறு மணிக்கே பைக் சத்தம். அமெரிக்காவில் ஞாயிறு இரவு ஒன்பதுக்குப் போடுகிற ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடர் ஹாட்ஸ்டாரில் நமக்குத் திங்கள் காலை ஆறரைக்கு. 82 நிமிடமும் ஒரே இருட்டு. மகள் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டும் பாதி புரியவில்லை. பிணப்படையின் தலைவன் நைட் கிங்கை ஆர்யா குத்தியதும் இரண்டு பேரும் கத்தினார்கள். கத்தி முடித்ததும் சண்டை.

முதல் சீசனிலிருந்து ஊட்டி வளர்த்த பயத்தை ஒரே ராத்திரியில் முடிப்பதா என்று அவன். கதாநாயகன் ஜான் ஸ்னோ கொன்றிருந்தால் எல்லோரும் எதிர்பார்த்ததாகத்தானே இருக்கும் என்று அவள். யாரும் எதிர்பார்க்கவில்லை என்பதே ஒரு திருப்பத்துக்குப் போதுமா? எனக்கு அவன் பக்கம்தான் நியாயம் பட்டது. வாயைத் திறக்கவில்லை. நோட்டீஸைப் பற்றி அவனும் திறக்கவில்லை. இட்லி மட்டும் நன்றாகச் சாப்பிட்டான்.

மே 1
அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. “அவன் அப்படிப்பட்டவன் இல்லடி. யாரோ தூண்டிவிடறாங்க.”

மே 7
நேற்றைய காட்சியில் மறந்து வைத்த காபிக் கப்பை தொடரைத் தயாரிக்கும் ஹெச்பிஓ அழித்துவிட்டதாம். இதை மட்டும் உடனே சரிசெய்ய முடிகிறது! டிராகன் ராணி டெனேரிஸ் எதிரியின் கப்பல் படையை மறந்துவிட்டாள் என்று கதையை எழுதிய பெனியாஃபே விளக்கம் சொல்லியிருக்கிறார். மகள் பாலைப் பொங்கவிட்டு அதே பதிலைச் சொன்னாள்.

மே 13
மணி அடித்துவிட்டது. ஊர் சரணடைந்துவிட்டது. அதற்குப் பிறகும் டெனேரிஸ் தலைநகர் கிங்ஸ் லேண்டிங்கை எரித்தாள்.

“அவ கெட்டவளா ஆனதுல எனக்குப் பிரச்சினை இல்ல அத்தை. ஆகிற வழியைக் காட்டணும்ல?”

“காட்டிட்டேதான் இருந்தாங்க,” என்றாள் மகள். “மீரீன்ல 163 அடிமை எஜமானர்களைச் சிலுவையில அறைஞ்சப்போ நீ கைதட்டினே.”

“அவங்க 163 பிள்ளைங்களை அறைஞ்சவங்க.”

“சரி, முதல் சீசன். அண்ணன் தலையில உருக்கின தங்கத்தை ஊத்தறாங்க. கண் கொட்டாமப் பாத்துட்டு நிக்கிறா.”

சொன்னவள் சட்டென்று நிறுத்தினாள். அவன் என்னைப் பார்த்தான். நான் சட்னி எடுக்கப் போனேன்.

அடையாளங்கள் இருந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் எரிக்கத் தொடங்கிய பிறகு அவள் முகத்தை அந்த எபிசோடில் காட்டவே இல்லை. கீழே ஓடுகிறவர்கள்தான், சாம்பல்தான். அந்த முகத்தைப் பத்து நிமிடம் காட்டியிருந்தால் நானும் ஒப்புக்கொண்டிருப்பேன். இதுவரை அவளுக்குக் கைதட்டியவர்கள் எல்லோரும் குருடர்களா என்ன?

மே 14
அம்மா இன்று வேறு கதை சொல்கிறாள். அப்பாவின் காரியம் முடிந்த அன்றே அண்ணன் பத்திரம் எங்கே என்று கேட்டானாம். “அன்னைக்கே எனக்குத் தெரியும்.”

மே 20
கடைசி எபிசோட். அவன் வரவில்லை. பிரான் ராஜா ஆனதும் மகள் போனில் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் ஒரு மணி நேரச் சண்டை. முதல் ஆறு சீசனுக்கும் பத்துப் பத்து எபிசோட், அப்புறம் ஏழு, கடைசியில் ஆறு. ஹெச்பிஓ இன்னும் தரத் தயாராக இருந்தும் எழுதியவர்கள்தான் அவசரமாகக் கடையைக் கட்டினார்கள் என்றான். தொடருக்கு மூலமான நாவலில் மார்ட்டின் சரியாக எழுதுவார் என்று அவனுக்கு நம்பிக்கை. ஐந்தாவது நாவல் வந்தது 2011இல். ஆறாவது இன்னும் வரவில்லை.

“ஏன்டா வரல?” என்று கடைசியில் கேட்டாள்.

“வண்டி சர்வீஸ்ல இருக்கு.”

மே 22
கடைசி சீசனைத் திரும்ப எடுக்கச் சொல்லிப் பத்து லட்சம் பேருக்குமேல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களாம்.

மே 27
வக்கீலைப் பார்த்தேன். அண்ணனோடு மனஸ்தாபம் எப்போது ஆரம்பித்தது, என்னென்ன நடந்தது, எல்லாவற்றையும் வரிசையாக எழுதித் தரச் சொன்னார். ராத்திரி உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டேன். படித்தால் ரொம்பக் கச்சிதமாக இருக்கிறது. மகளுக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தது அண்ணன்தான். அதையும் எழுதலாமா என்று போனில் கேட்டேன்.

கேஸுக்கு அது வேண்டாம் என்கிறார் வக்கீல்.