முதல் ரைஃபிளுக்கு நாற்பதாயிரம்

போன ஆண்டு என் அண்ணன் மகள் ஒரு நோட்டுத் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். "சித்தப்பா, எனக்கு ஒரு ரைஃபிள் வேணும். எவ்வளவு ஆகும்னு எழுதியிருக்கேன்."

கல்லூரி என்.சி.சி.யில் .22 ரைஃபிளைப் பிடித்தவள். பிறகு நகரத்து ரேஞ்சில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகப் போனாள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்ற படம் அவள் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. தாளில் இருந்த வெளிநாட்டு ரைஃபிளின் விலை இரண்டு லட்சத்துக்கு மேல். எங்களிடம் இருந்தது நாற்பதாயிரம். அதிலும் பாதி அண்ணி சீட்டு எடுத்த பணம்.

அண்ணிக்குப் பணம் கவலையில்லை. "நம்ம புள்ள துப்பாக்கிய தூக்கிட்டு ஊர்த்தெரு வழியா பஸ்ஸுக்குப் போனா என்ன சொல்லுவாங்க? நாளைக்கு அங்க ஒரு கல்லு விழுந்தாக்கூட நம்ம வீட்டுக்குத்தான் போலீஸ் வரும்" என்றார். நான் இருபது வருடமாக மேடையில் பேசுகிறவன். அதற்கு உடனே பதில் வரவில்லை.

யார் கையில் ஆயுதம் இருக்கலாம் என்பதைச் சாதிதான் முடிவு செய்து வந்தது. நால்வருணம் அடித்தட்டு மக்களிடமிருந்து ஆயுதத்தையும் கல்வியையும் பறித்ததால்தான் அவர்களால் எதிர்த்து எழ முடியவில்லை என்று அண்ணல் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் வாதிட்டார். அவருடைய தந்தை ராம்ஜி பட்டாளத்தில் சுபேதார். அந்தப் பட்டாளமே பின்னர் மகர்களைச் சேர்ப்பதை நிறுத்தியது. மகர் ரெஜிமெண்ட் உருவாக 1941 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995இன் 3ஆம் விதியைப் படித்திருக்கிறீர்களா? வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதியில் ஆதிக்கச் சாதியினரின் துப்பாக்கி உரிமத்தை ரத்து செய்யவும், தேவைப்பட்டால் பட்டியலின, பழங்குடி மக்களுக்கு உரிமம் வழங்கவும் அது வழி சொல்கிறது. எத்தனை ஊரில் அது நடந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

இவள் கேட்டது அந்தத் துப்பாக்கி இல்லை. விளையாட்டுக்கான காற்றுத் துப்பாக்கி. 4.5 மி.மீ. குழாய், 20 ஜூலுக்கு மேற்படாத விசை என்றால் ஆயுத விதிகள், 2016இன்படி உரிமம் தேவையில்லை. ஆனால் பயம் சட்டப் புத்தகத்தைப் பார்த்தா வருகிறது?

மூன்று மாதம் ரேஞ்சின் வாடகை ரைஃபிளிலேயே சுடு, பிறகு வாங்கலாம் என்றேன். அந்த மூன்று மாதத்தில் கற்றதை உங்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், பணம் முழுவதையும் ரைஃபிளில் போடாதீர்கள். நாளைக்கு 60 முறை சுட்டால், 500 பெல்லட் உள்ள டப்பா எட்டு நாளில் காலி. ரேஞ்ச் கட்டணம், பேருந்து, போட்டி நுழைவுக் கட்டணம் எல்லாம் அதற்குப் பிறகும் இருக்கிறது. பெல்லட் வாங்கக் காசில்லாமல் விலையுயர்ந்த ரைஃபிள் பெட்டியில் தூங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, ஸ்பிரிங் வகையா, அழுத்தக் காற்று அடைக்கும் பிசிபி வகையா? ஸ்பிரிங் விலை குறைவு, வேறெதுவும் தேவையில்லை. ஆனால் சுடும்போது உள்ளே ஸ்பிரிங் ஓடுவதால் ரைஃபிளே உதறும். பிசிபி அசையாது. ஆனால் காற்று நிரப்ப சிலிண்டரோ கைப்பம்போ வேண்டும். உங்கள் ரேஞ்சில் காற்று நிரப்பித் தருவார்களா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பழையது வாங்கினால் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். 10 ஆண்டு கடந்திருந்தால் சர்வதேச விதிப்படி போட்டியில் அனுமதி இல்லை. ரைஃபிளை மேசையில் தாங்கல் வைத்து ஐந்து பெல்லட் சுடச் சொல்லுங்கள். பத்து மீட்டரில் ஐந்தும் ஏறக்குறைய ஒரே ஓட்டையாக விழ வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், அது உங்கள் உடம்புக்குப் பொருந்துவது. கண்ணை மூடி ரைஃபிளைத் தோளில் வைத்து, கன்னத்தைச் சாய்த்து, பிறகு கண்ணைத் திறங்கள். பீப் சைட்டின் ஓட்டை கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். கழுத்தை வளைத்துத் தேட வேண்டியிருந்தால் அது உங்கள் ரைஃபிள் இல்லை. கன்னக்கட்டையும் பின்பட்டையும் நகர்த்தி அமைக்கக்கூடியதாக இருந்தால் நல்லது. போட்டியில் 5.5 கிலோ வரை அனுமதி. மெலிந்த பிள்ளைகள் அவ்வளவு எடையில் தொடங்கத் தேவையில்லை.

கடைக்குப் போனோம். கடைக்காரர் அவளைப் பார்க்காமல் என்னிடமே பேசினார். எந்த ஊர் என்றார், ஊரில் எந்தப் பக்கம் என்றார். அந்தக் கேள்வியின் பொருள் நமக்குத் தெரியாதா? அவள் குறுக்கிட்டு, "டிரிக்கர் எடை எவ்வளவுங்க? அட்ஜஸ்ட் பண்ணலாமா?" என்றாள். அவருக்குத் தெரியவில்லை. வெளியே வந்துவிட்டோம்.

கடைசியில் ரேஞ்சிலேயே ஒரு அக்காவிடம் இந்தியத் தயாரிப்பான பிசிபி ஒன்றை 26,000க்கு வாங்கினோம். ஜாக்கெட் இரவல். மீதிப் பணம் பெல்லட்டுக்கும் பயணத்துக்கும்.

2008இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவுக்கு வீட்டிலேயே சுடுதளம் இருந்தது. அதில் குற்றமில்லை, அவர் உழைப்பும் பொய்யில்லை. ஆனால் ரைஃபிள் இறக்குமதிக்கான சுங்கச் சலுகைகூட ஏற்கெனவே பெயர் பெற்ற வீரர்களுக்குத்தான். மேலே ஏறியவருக்கு ஏணி கொடுக்கும் நாட்டில் கீழே நிற்கும் பிள்ளை என்ன செய்யும்? நம் பயிலகங்கள் சேர்ந்து ஒரு ரைஃபிள் வாங்கி நான்கு பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். பறை வாங்க வசூலிக்கிறோமே, அப்படி.

அண்ணியின் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இன்றும் இல்லை. ரேஞ்ச் கொடுத்த கடிதம், ரசீது, அடையாள அட்டை மூன்றின் நகலையும் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தேவைப்படுமா என்று தெரியாது. எங்களுக்குத் தேவை. ரேஞ்சுக்கு வெளியே பெட்டியைத் திறக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

முதல் நாள் அவளுடன் பேருந்து நிறுத்தம் வரை போனேன். ஊர்த்தெரு டீக்கடையில் ஒரு பெரியவர் நீளப் பெட்டியைப் பார்த்து, "என்னம்மா, வீணையா?" என்றார்.

"இல்லைங்க, ரைஃபிள். மாவட்டப் போட்டிக்குப் பழகுறேன்."

கடை ஒரு நொடி அமைதியானது. அவள் நின்று, அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு நடந்தாள். எனக்குத்தான் நெஞ்சு படபடத்தது. அவளுக்குப் பழக்கமானது பத்து மீட்டருக்கு அப்பால் இருக்கும் அரை மில்லிமீட்டர் புள்ளி. மூச்சைச் சீராக வைத்திருக்க அவள் என்னைவிட நன்றாகவே கற்றிருக்கிறாள்.

ஜெய்பீம்.